ஒரு நேரத்தில் ஒரு குரல்

கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்தவனைத் தெருவில் எல்லோரும் ‘சவுண்டு’ என்றே கூப்பிடுவார்கள். அவன் முனையில் நின்று பேசினால் அடுத்த தெருவில் தூங்குகிற நாய் எழுந்து உட்காரும். அப்படிப்பட்ட ஆள், நீதிபதி வீட்டுக் கதவைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் தானாகவே குரலை இறக்கிக்கொண்டான். யாரும் அவனை அதட்டவில்லை. அந்த வீட்டுக் காற்றே வாயில் விரல் வைத்துக்கொண்டு நின்றாற்போல் இருந்தது.

நல்ல வெயில் நேரம். ஆனாலும் கூடத்து ஜன்னல்கள் அத்தனையும் சாத்தியிருந்தன. அந்த வீட்டில் ஜன்னலைத் திறப்பது துடைப்பதற்கு மட்டும்தான். வீட்டுப் பேச்சு வெளியே போகக் கூடாது, வெளிப் பேச்சு உள்ளே வரக் கூடாது. சுவரில் வரிசையாகக் கறுப்பு அங்கி அணிந்த படங்கள். தாத்தா, அப்பா, பிறகு நீதிபதி. மூவருக்கும் ஒரே உதடு, கத்தியால் கீறிய கோடு மாதிரி.

நீதிபதி ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. அவர் முதுகுக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

நீதிமன்றத்தில் அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் கேட்க வேண்டும். மூத்தவர் முடித்த பிறகு இளையவர். குறுக்கே பேசிய பெரிய பெரிய வக்கீல்கள் முகம் சுண்டி வெளியே போயிருக்கிறார்கள். வீட்டிலும் அதே சட்டம். சாப்பாட்டு மேஜையில் பேத்திக்கு விக்கல் எடுத்தாலும், தாத்தா வாக்கியத்தை முடித்த பிறகுதான் தண்ணீர் கேட்பாள். ஒழுங்கான குடும்பம் என்று தெருவே சொல்லும். குடும்ப மானம் என்பது கடையில் வாங்கி மாட்டுகிற திரைச்சீலை அல்ல. அதற்கு நாள்தோறும் யாராவது வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

“என்ன சார் தொந்தரவு?” என்றான் சவுண்டு.

வக்கீலான மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்த பிறகுதான் பேசினான்.

“பாட்டு, படம், எதுவா இருந்தாலும் சத்தம் வர ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல நின்னுடுது. திரை நீலமா மாறுது. அப்புறம் தானா அணைஞ்சு தானா எரியுது.”

“சத்தம் இல்லாம ஓட்டினா?”

“நாள் முழுக்க ஓடும்.”

“இந்த வீட்டு ஆளுங்க மாதிரியே,” என்று சமையலறை வாசலில் மருமகள் முணுமுணுத்தாள். நீதிபதி திரும்பிப் பார்ப்பதற்குள் வாசலில் யாரும் இல்லை.

“நாலு மணிக்கு இதுல சம்பந்தி வீட்டார் பேசறாங்க,” என்றார் நீதிபதி. “அதுக்குள்ள முடியணும்.”

“அவ்வளவு அவசரம்னா செல்போன்லயே பேசிடலாமே சார்? முகமும் தெரியும், குரலும்...”

“நான் இன்னும் முடிக்கல.”

சவுண்டு வாயை மூடினான்.

“கல்யாணப் பேச்சை உள்ளங்கையில பிடிச்சுகிட்டுப் பேசற பழக்கம் இந்தக் குடும்பத்துல கிடையாது. கூடத்துல எல்லாரும் உக்காந்து, பெரிய திரையில பேசுவோம். இப்ப நீ பேசலாம்.”

“ஒண்ணுமில்ல சார். வேலையைப் பாக்கறேன்.”

பேத்திக்கு வந்திருந்த வரன் பெரிய இடம். தூரத்து ஊர். பையனின் தாத்தாவும் நீதிபதியைப் போலவே சாயாமல் உட்காருகிற மனிதர் என்று கேள்வி. எல்லாம் பொருந்திவிட்டது. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. ‘உங்கள் இளைய மகள் சின்ன வயதிலேயே போய்விட்டாளாமே, என்ன காரணம்? அதை மட்டும் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்’ என்று கேட்டிருந்தார்கள். பரம்பரை நோய் ஏதாவது இருக்குமோ என்ற பயம். நியாயமான பயம்தான். நீதிபதியிடம் பதில் தயாராக இருந்தது. மூச்சுத்திணறல். திடீரென்று வந்தது. மருத்துவர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சவுண்டு ஒரு பாட்டை ஓட விட்டான். ஸ்பீக்கரில் கணீரென்று ஆரம்பித்தது. பல்லவி திரும்பும் இடத்தில் பாடகரின் குரல் தடுக்கி விழுந்தது. திரை நீலமானது. ‘ப்பாப்பாப்பாப்பா’ என்று ஒரு அறுந்த சத்தம் கூடம் முழுக்க ரம்பம் இழுத்தது. பிறகு எல்லாம் அணைந்தது.

“அது என்ன சத்தம்?” என்றார் நீதிபதி.

“அதுவா சார், மெஷினுக்கு உசுரு போற நேரத்துல கடைசியா எந்தச் சத்தம் வந்துச்சோ, அந்தத் துண்டைப் பிடிச்சுகிட்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லும். அதுக்கு அடுத்தது என்னன்னு அதுக்குத் தெரியாது, பாவம்.”

“அந்தப் பாட்டுல அப்படி ஒரு எழுத்தே இல்லையே,” என்றான் மகன்.

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார்.

சவுண்டு இயந்திரத்தை வேறொரு வழியில் எழுப்பினான். சேஃப் மோடு என்றான். அதில் சத்தத்துக்கான எதுவும் ஏறாதாம். ஊமையாக எழுந்திருக்குமாம். அப்படியே எழுந்தது. மங்கிய திரையோடு, சொன்னதைச் செய்துகொண்டு, அடக்கமாக நின்றது. நீதிபதிக்கு அது பிடித்திருந்தது.

“இப்ப காரணம் தெரிஞ்சு போச்சு சார். டிரைவர்னு ஒண்ணு இருக்கு. அதுதான் ஸ்பீக்கர் சார்பா மெஷின்கிட்ட பேசும். ஒரே கட்சிக்காரருக்கு ரெண்டு வக்கீல் எழுந்து நின்னு, நான்தான் பேசுவேன் நான்தான் பேசுவேன்னு கத்தினா கோர்ட்டு என்ன ஆகும்? அதான் இங்க. ரெண்டு டிரைவர். ஒரே தொண்டை. ரெண்டும் சேர்ந்து வாயைத் திறந்ததும் மெஷின் சுருண்டு விழுந்துடுது.”

“ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசணும்,” என்றார் நீதிபதி.

“அதேதான் சார்! நீங்க இந்தத் தொழிலுக்கே வந்திருக்கலாம்.”

நீதிபதியின் உதட்டுக் கோடு ஒரு நூல் அளவு வளைந்தது. அந்த வீட்டில் அதற்குப் பெயர் சிரிப்பு.

சவுண்டு பட்டியல் ஒன்றைத் திரையில் விரித்தான். மறைந்திருப்பவற்றையும் காட்டச் சொல்லி எதையோ அமுக்கினான். மற்ற வரிகளுக்கு நடுவே ஒரு வரி மட்டும் சாம்பல் பூத்தாற்போல் மங்கித் தெரிந்தது.

“இதோ. மங்கலா இருக்கே, இது இப்ப வீட்டுல இல்லாத சாமான். ஒரு காலத்துல மாட்டியிருந்தாங்க. கழட்டிட்டாங்க. ஆனா அதோட டிரைவர் போகாம உள்ளயே உக்காந்திருக்கு. மைக்கு சார். நல்ல ரகம். யாராவது ரெக்கார்டிங் பண்ணினாங்களா?”

மகன் தரையைப் பார்த்தான். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

இளையவள் பண்ணினாள். கதைப் புத்தகங்களை வாய்விட்டு வாசித்துப் பதிவு செய்து அனுப்புவாள். அந்த இயந்திரமே அவளுடையதுதான். எங்கேயோ உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்ட ஒருவன், அதைத் தேடிக்கொண்டு இந்த வாசலுக்கே வந்து பெண் கேட்டான். நீதிபதி அவனிடம் அவன் தகப்பன் பெயரைக் கேட்டார். இரண்டாவது கேள்விக்கு அவசியம் இருக்கவில்லை. அவன் போன பிறகு மைக்கின் வயரைத் தம் கையாலேயே கத்தரித்தார். மைக்கையும் மகளையும் மாடி அறையில் விட்டுப் பூட்டினார். புத்தி வரும் வரை அங்கே இருக்கட்டும் என்று.

அவளுக்கு இளைப்பு உண்டு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூச்சு இழுக்கும் இன்ஹேலர் அன்று இந்த மேஜை இழுப்பறையில் இருந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

“அதை எடுத்துடு,” என்றார் நீதிபதி.

சவுண்டு எடுத்தான். மங்கிய வரி மறைந்தது. இயந்திரத்தை மறுபடி, இந்த முறை முழுசாக, எழுப்பினான். பட்டியலைத் திறந்தான்.

வரி அங்கேயே இருந்தது.

இப்போது மங்கலாக இல்லை.

“என்னடா இது!” என்று தலையைச் சொறிந்தான் சவுண்டு. “இப்ப மாட்டியிருக்குன்னு சொல்லுதே.” மேஜைக்கு அடியில் குனிந்து ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தான். பின்பக்கம் எதுவும் செருகியிருக்கவில்லை. எழுந்தவன் மூக்கை உறிஞ்சினான். “சார், மருந்து ஏதாவது கொட்டிடுச்சா? பிளாஸ்டிக்கும் மருந்துமா ஒரு வாடை அடிக்குது.”

நீதிபதிக்கும் அது வந்துகொண்டிருந்தது. இழுப்பறைப் பக்கமிருந்து. இனிப்பும் கசப்பும் கலந்த, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற வாடை.

“வேலையைப் பார்.”

சவுண்டு மைக்கின் அமைப்பைத் திறந்தான். திரையோரத்தில் ஒரு சின்னப் பச்சைக் கோடு. மைக்கில் சத்தம் விழுந்தால் அது ஏறும், விழாவிட்டால் படுத்துக் கிடக்கும் என்று மகனுக்கு விளக்கினான். கூடத்தில் அப்போது யாரும் பேசவில்லை.

கோடு ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது.

நின்றது.

பிறகு மறுபடி மூன்று.

மகனின் கை நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்தது. அந்தத் தாளத்தை அவன் முன்பே கேட்டிருக்கிறான். நீதிபதியும் கேட்டிருக்கிறார்.

சவுண்டு பையிலிருந்து ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினான். அவன் முகத்தில் இருந்த அரட்டை எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிப் போயிற்று. ஹெட்போனைக் கழற்றி, சூடான பாத்திரத்தை வைப்பது போல் மேஜையில் வைத்தான்.

“மாடியில யாரு சார் இருக்காங்க?” என்று கிசுகிசுத்தான்.

“யாரும் இல்ல. பூட்டிக் கிடக்கு.”

“சின்ன ரூம் சார். ஜன்னல் இல்லாத ரூம். சத்தம் சுவத்துல மோதறதை வச்சுச் சொல்றேன். யாரோ தரையோட தரையா கிடந்துகிட்டு கதவைத் தட்டறாங்க. நடுவுல மூச்சு... விசில் மாதிரி...”

“நீ மெஷினைப் பாக்க வந்தியா, என் வீட்டைப் பாக்க வந்தியா?”

சவுண்டு திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். “தப்பா நினைக்காதீங்க சார். ரெண்டையும் வச்சுக்கிட்டா மறுபடி நிக்கும். ஒண்ணுக்கு மட்டும் முழு அதிகாரம் குடுத்துடலாம். அது பேசறப்ப வேற எதுவும் வாயைத் திறக்க முடியாது. ஆனா ரெண்டுக்கும் இப்ப ஒரே பேர் காட்டுது. எது எதுன்னு எனக்கே பிடிபடல. தேதி மட்டும்தான் வேற. நீங்க சொல்லுங்க, எதுக்குக் குடுக்கட்டும்?”

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நீதிபதி தம் வாழ்நாள் முழுக்கத் தந்த தீர்ப்பையே தந்தார்.

“மூத்தது எதுவோ, அதுக்கு. மூத்தவங்க முதல்ல.”

பழைய தேதி எதுவோ அதன் மேல் சவுண்டு விரலை வைத்து அமுக்கினான். இளையவள் இருந்த காலத்துத் தேதி அது.

பச்சைக் கோடு படுத்தது. பாட்டைப் போட்டான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தண்ணீர் போல ஓடியது. நீலம் வரவில்லை. சவுண்டு நன்றிக்குக்கூடக் காத்திராமல் பையை வாரிக்கொண்டு போனான். அவன் திருப்புளி ஒன்று மேஜையிலேயே கிடந்தது. தெருமுனை போகும் வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பிற்பாடு எதிர்வீட்டார் ஆச்சரியப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு நாலு மணி வரை நீதிபதி வாயைத் திறக்கவில்லை. முக்கியமான வாக்கியத்துக்கு முன்னால் அவர் சொற்களைச் செலவழிப்பதில்லை. தொண்டையில் மட்டும் என்னவோ உரசியது. மருமகள் கொடுத்த வெந்நீரைக் குடித்தார். போகவில்லை.

நாலு மணிக்குத் திரையில் முகங்கள் வந்தன. பையனின் தாத்தா, பக்கத்தில் பையனின் அம்மா. இந்தப் பக்கம் நடுவில் நீதிபதி, ஒரு புறம் மகன், மறு புறம் மருமகள். பேத்தி பின்னால் சுவரோடு சுவராக நின்றாள்.

“வணக்கம். சுத்தி வளைக்காம கேட்டுடறேன்,” என்றார் பையனின் தாத்தா. குரல் துல்லியமாக வந்தது. “உங்க சின்னப் பொண்ணுக்கு என்ன ஆச்சு? நீங்க சொன்னா போதும். உங்க வார்த்தைக்கு மேல எங்களுக்கு வேற அத்தாட்சி வேண்டாம்.”

நீதிபதி நிமிர்ந்தார்.

“மூச்சுத்திணறல். திடீர்னு வந்தது. மருத்துவர் வர்றதுக்குள்ள முடிஞ்சுடுச்சு.”

தம் குரலைத் தம் காதால் கேட்டார். தீர்ப்பு வாசித்த நாட்களில் இருந்த அதே கனம்.

திரையில் பையனின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகன் மெதுவாகத் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தான். மருமகளின் நாற்காலி தானாகப் பின்னால் நகர்ந்தது போல நகர்ந்தது. பேத்தி “தாத்தா?” என்றாள். மூத்தவர்கள் பேசும்போது அவள் குறுக்கே பேசியது அதுதான் முதல் தடவை.

தூரத்துப் பேச்சில் ஒரு வழக்கம் உண்டு. இங்கே பேசியது அங்கே ஸ்பீக்கரில் ஒலித்து, அவர்கள் மைக்கில் விழுந்து, சற்றுப் பொறுத்து எதிரொலியாகத் திரும்பி வரும். அது இப்போது திரும்பி வந்தது.

நீதிபதியின் குரல் அல்ல.

“தட்டினேன். கீழே அப்பாவைப் பாராட்ட ஆளுங்க வந்திருந்தாங்க. அப்பா பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாரு.”

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு, ஊசித் துளை வழியே நூல் போவது போல விசிலடித்துக்கொண்டு போயிற்று.

நீதிபதி எழுந்தார். “யார் வேலை இது? நிறுத்து!” என்றார். அப்படித்தான் சொன்னார். மற்றவர்கள் கண் அவர் உதட்டின் மேலேயே இருந்தது. எதிரொலிக்காக அவர் காத்திருந்தார்.

“இழுப்பறையிலதான் இருந்துச்சு,” என்று திரும்பி வந்தது. “அண்ணன் மேஜைக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். கையை நீட்டினா எட்டும்.”

மகன் பாய்ந்து மின்வயரைப் பிடுங்கினான். திரை இருண்டது.

“ஏண்டா அணைச்சே?” என்றார் நீதிபதி.

மருமகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒடுங்கினாள். இயந்திரம் அணைந்துவிட்டது. எதிரொலி இல்லை. ஆனாலும் அவர் என்ன பேசினார் என்பதை நீதிபதி மகனின் கண்ணில் பார்த்தார். மகன் வந்து தன் உள்ளங்கையால் அப்பாவின் வாயை அழுத்தி மூடினான். பிறந்ததிலிருந்து அவன் அந்த முகத்தைத் தொட்டதே இல்லை.

“பேசாதீங்கப்பா. தயவு செஞ்சு பேசாதீங்க.”

மகன் கெட்டிக்காரன். உடனே செல்போனை எடுத்து, உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் நேராக்கினான். வேறு யாரோ இணைப்பில் குறுக்கே நுழைந்துவிட்டார்கள், இயந்திரக் கோளாறு, இன்றைக்குத்தான் பழுது பார்த்தோம், அந்த ஆள் சரியில்லை என்றான். பெரிய இடத்து மனிதர்களுக்கு நம்ப விருப்பம் இருந்தது. ‘அப்படியா, சரி, ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருகிறோம்’ என்றார்கள். அப்பாவுக்கு அதிர்ச்சியில் உடம்பு சரியில்லை, தூரத்து உறவினர் வீட்டில் ஓய்வில் இருப்பார் என்றும் மகன் முன்கூட்டியே சொல்லி வைத்தான்.

இடையில் இருந்த நாட்களில் நீதிபதி உதட்டைத் திறக்கவில்லை. மன உறுதியில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மனிதன் இரும வேண்டும், தும்ம வேண்டும், தூங்க வேண்டும். தூக்கத்தில் அவர் பேசினார். பேத்தி தாத்தாவின் அறைக் கதவருகே போய் நின்று கேட்டுவிட்டு, “அத்தை,” என்று கூப்பிட்டாளாம். உள்ளேயிருந்து பதில் வந்ததாம். மருமகள் அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகன் மாடிச் சாவியோடு வந்தான்.

“ஒரு மத்தியானம்தான்பா. அவங்க போனதும் திறந்துடறேன். குடும்ப மானம்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?”

இளையவளிடம் நீதிபதி சொன்ன அதே வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை. பிள்ளையைச் சரியாகத்தான் வளர்த்திருக்கிறோம் என்று ஒரு கணம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. யாரும் கையைப் பிடிக்கவில்லை. முதுகு வளையாமல் தாமே படியேறிப் போனார். பின்னால் பூட்டு விழுந்தது.

ஜன்னல் இல்லாத அறை. கதவிடுக்கில் மட்டும் ஒரு கீற்று. அந்தக் கீற்றில் தரையில் மைக் கிடந்தது, வெட்டுப்பட்ட வயரோடு. கதவின் அடிப்பாகத்தில், படுத்துக் கிடக்கிற ஆளின் கை எட்டும் உயரத்தில், வண்ணம் ஒரு வட்டமாகத் தேய்ந்திருந்தது.

மருந்து வாடை.

நீதிபதிக்கு வாழ்நாளில் இளைப்பு வந்ததில்லை. இப்போது நெஞ்சுக்குள் யாரோ கயிற்றைச் சுற்றி, நிதானமாக இறுக்குவது போல் இருந்தது. இழுத்தார். காற்று வரவில்லை. விசில்தான் வந்தது.

கீழே கார் வந்து நிற்கும் சத்தம். வரவேற்பு. நாற்காலிகள் இழுபடும் சத்தம். பையனின் தாத்தா ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நீதிபதி நின்று பார்த்தார். சுவரைப் பிடித்துப் பார்த்தார். பிறகு முழங்கால் மடங்கியது. பிறகு அந்த முதுகும் மடங்கியது. தரையோடு தரையாகக் கிடந்து, தேய்ந்த வட்டத்தில் விரல் முட்டியை வைத்துத் தட்டினார்.

மூன்று. மூச்சுக்காக நிறுத்தினார். மறுபடி மூன்று.

அந்தத் தாளம் ஏன் அப்படி இருந்தது என்று அவருக்கு இப்போது விளங்கியது. அதற்கு மேல் தட்ட மூச்சு போதாது. அவ்வளவுதான்.

“மாடியில என்ன சத்தம்?” என்று கீழே கேட்டார்கள்.

“பழைய வீடு. குழாயில காத்து அடைச்சுக்கும்,” என்றான் மகன்.

பாட்டு ஆரம்பித்தது. சத்தம் கூடியது. இன்னும் கூடியது.

நீதிபதி மகனைக் கூப்பிட வாயைத் திறந்தார். இந்த முறை வந்த குரலை அவர் காதே கேட்டது. “அண்ணா” என்றது. அவர் இன்னொரு முறை முயன்றார். “அப்பா” என்றது. அந்தச் சொல்லின் பாதியில் ஏதோ சிக்கிக்கொண்டது. ப்பா, ப்பா, ப்பா என்று தொண்டை அதையே பிடித்துக்கொண்டு அறுத்தது. அதற்கு அடுத்தது என்னவென்று அதற்குத் தெரியவில்லை.

இருட்டில் பக்கத்தில் யாரோ படுத்திருந்தார்கள்.

தோளோடு தோள் உரசும் நெருக்கத்தில். அவர் மூச்சு விசிலடித்து நிற்கும் இடத்தில் இன்னொரு விசில் ஆரம்பித்தது. அவசரமே இல்லை. நல்ல பிள்ளையாக, தன் முறைக்குக் காத்திருந்தது.

காதருகே கிசுகிசுத்தது.

“நீங்க முதல்ல தட்டுங்கப்பா.”

அன்றைக்கே கல்யாணம் நிச்சயமாயிற்று. விருந்தாளிகள் சாவகாசமாகப் பேசிவிட்டு, சிரித்துவிட்டு, கிளம்பினார்கள். மகன் வாசல் வரை போய் வழியனுப்பினான். திரும்பி வந்து பாட்டை நிறுத்தினான். மாடியில் சத்தம் ஏதும் இல்லை. சற்று நேரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்திலேயே நின்றான்.

மூச்சுத்திணறல் என்று எல்லோரிடமும் சொன்னார்கள். திடீரென்று வந்தது. மருத்துவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சுவரில் இருந்த நீதிபதியின் படத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் உயரத்தில் மாட்டினார்கள்.

ஸ்பீக்கரை மகன் அடித்து உடைத்தான். இயந்திரத்தை அதற்குப் பிறகு சேஃப் மோடில்தான் ஓட்டுகிறான். அதில் சத்தத்துக்கான எதுவும் ஏறாது. மைக்கும் கிடையாது, கோடும் கிடையாது. சவுண்டு அப்படித்தான் சொல்லியிருந்தான்.

கல்யாணப் பத்திரிகை அனுப்ப விலாசங்களைத் தேடிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில், திரையோரத்தில் பச்சையாக என்னவோ அசைந்தது. மருமகள்தான் முதலில் பார்த்தாள். கணவனின் தோளைத் தொட்டாள்.

கோடு ஏறி இறங்கியது. கனமாக, மூன்று தடவை.

நின்றது.

பிறகு மெலிதாக, மூன்று தடவை.

சேர்ந்தாற்போல் அல்ல. ஒருவர் மேல் ஒருவர் விழாமல், குறுக்கிடாமல், அந்த வீட்டு ஒழுங்குப்படி. மூத்தவர் தட்டி முடித்த பிறகு இளையவள்.